பழைய பானையும் புதிய சோறும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் அடுக்களையில் கண்ட உண்மை. பொருள்களை எடைபோடவும், சில வேளைகளில் மனிதர்களை எடைபோடவுங்கூட இந்த அளவுகோலையே நாம் கையாளுகின்றோம். ஆனால் இம்முதுமொழிக்குள் சொல்லாமல் விடப்பட்ட நிபந்தனை ஒன்று உண்டு. பதம் பார்க்கும் சோறு அன்றைய பானையிலிருந்து எடுத்ததாக இருக்கவேண்டும். நேற்று வடித்த சோற்றை நசுக்கிப் பார்த்துவிட்டு, இன்று உலையில் கொதிப்பதைப் பற்றித் தீர்ப்புக் கூறுதல் அறிவுடைமை ஆகாது. சீன நாட்டின் கார்கள், குறிப்பாக மின்சாரத்தில் ஓடுபவையும், மின்சாரமும் பெட்ரோலும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் வகையைச் சேர்ந்தவையும், இருபது ஆண்டுகளுக்குள் அயல்நாடுகளில் பெற்றிருக்கும் பெயர் மாற்றத்தை எண்ணும்போதெல்லாம் இந்த எண்ணமே என் உள்ளத்தில் எழுகின்றது.

மோட்டார் பழுதுபார்க்கும் தொழிலைக் கற்பிக்கும் பயிற்சிக்கூடம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி ஆற்றியவன் நான். ஆகவே கார்களைப் பற்றிய செய்தி எதுவாயினும் என் கண் தானாக அதன்மேல் செல்லும். ஆயினும் இங்கு நான் பேச விரும்புவது எஞ்சினைப் பற்றி மட்டுமன்று. ஒரு பொருளுக்குப் பெயர் எவ்வாறு கெடுகின்றது, கெட்ட பெயர் எவ்வாறு திருந்துகின்றது, அதைப் பார்த்துத் தீர்ப்பளிக்கும் நமக்குள்ள பொறுப்பு யாது என்பதே என் கருத்து.

நம் மொழியையே சற்று நோக்குங்கள். நம் பாட்டிமார் வடையும் அப்பளமும் பொரித்தெடுத்த இரும்புச் சட்டிக்குச் சீனச்சட்டி என்று பெயர். விருந்தினர் வந்தால் மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வரும் பாத்திரம் சீனப் பீங்கான். கலங்கிய நீரைத் தெளியவைப்பது சீனக்காரம். சீனம் என்ற சொல் ஒட்டினாலே அது உறுதியான பொருள், மதிப்புள்ள பொருள் என்று கருதிய காலம் ஒன்று இருந்தது. பின்னர் வந்தது மற்றொரு காலம். திருவிழாக் கடையில் வாங்கிய பொம்மை வீடு வந்து சேர்வதற்குள் உடைந்தால், "சைனா சாமான் வேறு எப்படி இருக்கும்?" என்று கேட்கப் பழகினோம். சைனா செட் என்றால் மலிவான கைத்தொலைபேசி. பெரிதாக ஒலிக்கும், நெடுநாள் உழைக்காது என்று பொருள். சீனச்சட்டியைப் புகழ்ந்த அதே நாவே சைனா செட்டை இகழ்ந்தது.

கெட்ட பெயர் வந்த கதை

அந்த இகழ்ச்சிக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 2005ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் நடந்த மோட்டார் கண்காட்சியில் சீனக் கம்பெனிகள் முதன்முதலாகத் தங்கள் கார்களைக் காட்சிக்கு வைத்தன. அவற்றுள் ஒன்று லேண்ட்விண்ட். ஜெர்மனியின் மோட்டார் சங்கமான ஏ.டி.ஏ.சி. அதை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பின்மீது மோதவிட்டுச் சோதித்தது. வண்டியின் முன்பகுதி நசுங்கி ஓட்டுநர் அமரும் இடத்துக்குள் புகுந்தது. அவ்விடத்தில் உண்மையான மனிதர் இருந்திருப்பின் உயிர் பிழைத்திருக்க மாட்டார் என்று சோதித்தவர்கள் கூறினர். 2007ஆம் ஆண்டு பிரில்லியன்ஸ் என்ற மற்றொரு சீனக் காரை அதே சங்கம் சோதித்தது. ஐந்து நட்சத்திரங்களுக்கு அதற்குக் கிட்டியது ஒன்றே ஒன்று. அந்தச் சோதனைகளின் படங்கள் உலகெங்கும் பரவின. அன்று தொடங்கிய நகைப்பு நீண்ட காலம் ஓயவில்லை.

ஆஸ்திரேலியாவிலும் ஏறத்தாழ இதே கதைதான். 2009இல் அங்கே வந்த கிரேட் வால் சரக்கு வண்டிக்கு அந்நாட்டின் மோதல் சோதனையில் இரண்டு நட்சத்திரங்களே கிடைத்தன. விலை குறைவு என்பதால் உழவர்களும் சிறு தொழில் செய்வோரும் அதை வாங்கினர். 2012இல் பேரிடி ஒன்று விழுந்தது. கிரேட் வால், செரி ஆகிய இரு கம்பெனிகளின் வண்டிகளிலும் எஞ்சின் பகுதியிலும் புகைக்குழாய்ப் பகுதியிலும் பொருத்தியிருந்த கேஸ்கட்டுகளில் கல்நார் இருப்பது தெரியவந்தது. நுரையீரலை அழிக்கும் கல்நாரை ஆஸ்திரேலியா 2003ஆம் ஆண்டு இறுதியிலிருந்தே அடியோடு தடைசெய்திருந்தது. சுமார் 23,000 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. கேஸ்கட்டைக் கையால் சுரண்டி எடுத்துப் பழகிய எனக்கு அச்செய்தி தந்த திடுக்கம் சிறிதன்று. ஏனெனில் அந்தத் தூசியை முதலில் மூச்சிழுப்பவன் காரின் சொந்தக்காரன் அல்லன். பட்டறையில் குனிந்து நின்று வேலை செய்யும் மெக்கானிக்.

ஆகவே கெட்ட பெயர் தானே வந்ததன்று, சம்பாதித்தது. இதை மறைப்பதற்கில்லை.

முன்னரும் நிகழ்ந்ததே

எனினும் இத்தகைய கதையை உலகம் இதற்குமுன் இரண்டு முறை கேட்டிருக்கின்றது. 1957இல் டொயோட்டா கம்பெனி தன் கிரவுன் காரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அந்நாட்டின் நீண்ட நெடுஞ்சாலைகளின் வேகத்தைத் தாங்காமல் அதன் எஞ்சின் சூடேறித் திணறியது. சில ஆண்டுகளுக்குள் அந்த விற்பனையை நிறுத்திக்கொள்ள நேர்ந்தது. அதே டொயோட்டாதான் 1997இல் பிரியஸ் என்ற ஹைப்ரிட் காரைப் படைத்து உலகுக்கே வழிகாட்டியது. கொரியாவின் ஹூண்டாய் 1986இல் அமெரிக்காவில் மலிவு விலைக் கார் ஒன்றை விற்றது. முதலில் விற்பனை பெருகியது, பின்னர் பழுதுகளும் பெருகின, பெயர் கெட்டது. 1998இல் அக்கம்பெனி எஞ்சினுக்குப் பத்தாண்டு உத்தரவாதம் அளிக்க முன்வந்தது. பத்தாண்டு உத்தரவாதம் என்பது வெறும் விளம்பரமன்று. பழுதானால் செலவு தன் தலையில் விழும் என்று தெரிந்தே தருகின்ற வாக்குறுதி. அதே ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் அக்கம்பெனியின் முதல் கார்கள் உருவாகி வெளிவந்தன என்பதை நம்மில் பலர் நினைவில் வைத்திருப்பர். இன்று நம் தெருக்களில் அக்காரைக் கண்டு எவரேனும் நகைக்கின்றனரா?

எப்படித் திருந்தியது?

சீனத்தின் மாற்றத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பெட்ரோல் எஞ்சினில் ஜெர்மானியரும் ஜப்பானியரும் நூறாண்டுப் பயிற்சி உடையவர்கள். அந்த ஓட்டத்தில் பின்னால் ஓடி அவர்களைப் பிடிப்பது அரிது. ஆனால் மின்சாரக் காரில் எஞ்சினே இல்லை. அதன் உயிர்நாடி பேட்டரி. அங்கே எல்லோரும் ஏறத்தாழ ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்கினர்.

பி.ஒய்.டி. என்ற கம்பெனியின் கதை இதற்குச் சான்று. ஏழைக் குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்த வாங் சுவான்ஃபூ என்பவர் 1995இல் ஷென்சென் நகரில் அதைத் தொடங்கினார். அன்று அங்கு உருவானவை கார்கள் அல்ல; கைத்தொலைபேசிக்கான சிறு பேட்டரிகள். ஜப்பானியர் விலையுயர்ந்த இயந்திரங்களால் செய்ததை இவர் தொழிலாளரின் கைகளைக் கொண்டு செய்வித்தார். 2003இல் நொடித்துக் கிடந்த கார்த் தொழிற்சாலை ஒன்றை வாங்கினார். 2008 டிசம்பரில், வீட்டு மின்சாரத்தில் ஊட்டம் ஏற்றிக்கொள்ளும் ஹைப்ரிட் கார் ஒன்றை விற்பனைக்கு விட்டார். அதே ஆண்டில் அமெரிக்கச் செல்வர் வாரன் பஃபெட்டின் கம்பெனி 23 கோடி டாலர் கொடுத்து அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை வாங்கியது. ஆயினும் உலகம் உடனே நம்பிவிடவில்லை. 2011இல் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் பி.ஒய்.டி.யைப் பற்றிக் கேட்டபோது டெஸ்லாவின் தலைவர் ஈலோன் மஸ்க் வாய்விட்டுச் சிரித்தார். 2025ஆம் ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தபோது, முழு மின்சாரக் கார்களில் பி.ஒய்.டி. விற்றவை 22 லட்சத்திற்கும் மேல். டெஸ்லா விற்றவை ஏறத்தாழ 16 லட்சம்.

இந்த வளர்ச்சி ஒருவரின் உழைப்பால் மட்டும் வந்ததன்று. சீன அரசு பல ஆண்டுகள், 2022 முடியும்வரை, மின்சாரக் கார் வாங்குவோருக்குப் பணவுதவி செய்தது. இரும்பையும் பாஸ்பேட்டையும் கொண்டு செய்யும் பேட்டரியின் விதை அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்எனஃப் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் முளைத்தது. அதைப் பெருவிளைச்சல் ஆக்கியவர்கள் சீனர். இவ்வகைப் பேட்டரி எளிதில் தீப்பற்றாது; விலை உயர்ந்த கோபால்ட்டும் இதற்கு வேண்டுவதில்லை. 2010இல் ஜீலி என்ற சீனக் கம்பெனி சுவீடனின் வால்வோவை விலைக்கு வாங்கியது. தோளையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டும் சீட் பெல்ட்டை 1959இல் உலகுக்குத் தந்த கம்பெனி அது. டெஸ்லாவும் ஷாங்காயில் தொழிற்சாலை அமைத்து 2019 இறுதியிலிருந்து அங்கே கார் செய்து தருகின்றது. அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கார்கள் சென்றன. அமெரிக்கப் பெயர் தாங்கிய சீனக் காரை வாங்கியவர் பலர்.

2022இல், முன்பு நகைத்த அதே ஐரோப்பாவின் மோதல் சோதனையில், பி.ஒய்.டி.யின் ஆட்டோ 3 காரும், கிரேட் வால் கம்பெனியின் ஓரா என்ற சிறு மின்சாரக் காரும் ஐந்து நட்சத்திரங்களைப் பெற்றன. ஆம், இரண்டு நட்சத்திரமும் கல்நாரும் பெயரைக் கெடுத்த அதே கிரேட் வால்தான்! 2023இல் ஜெர்மனியின் வோல்க்ஸ்வாகன் 70 கோடி டாலர் செலுத்தி எக்ஸ்பெங் என்ற இளம் சீனக் கம்பெனியில் சிறு பங்கு வாங்கி, கார்களை அதனுடன் சேர்ந்து உருவாக்க ஒப்பந்தம் செய்துகொண்டது. 2024இல் ஃபோர்டு கம்பெனியின் தலைவர் ஜிம் ஃபார்லி, தாம் ஆறு மாதங்களாகச் சீன நாட்டு ஷியாமி மின்சாரக் காரை ஓட்டுவதாகவும், அதைத் திருப்பித்தர மனம் வரவில்லை என்றும் வெளிப்படையாகக் கூறினார். ஆசிரியர் மாணவரின் ஏட்டைப் புரட்டிப் பார்க்கும் நிலை வந்துவிட்டது.

மெல்போர்னிலிருந்து வந்த கேள்வி

என் அண்ணன் மகள் மெல்போர்ன் நகரில் செவிலியராகப் பணிபுரிகின்றாள். இரு குழந்தைகள், கணவருக்கும் வேலை. இரவுப் பணி முடித்து விடியற்காலையில் நெடுந்தொலைவு தானே ஓட்டிவர வேண்டியவள். ஒருநாள் தொலைபேசியில், "சித்தப்பா, எங்கள் மருத்துவமனையில் பாதிப்பேர் சைனா மின்சாரக் கார்தான் வாங்குகிறார்கள். விலையும் எங்களுக்குக் கட்டுப்படியாகிறது. ஆனால் மாமியார், சைனா காரில் பிள்ளைகளை ஏற்றாதே என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

அவள் கேள்விக்கு உடனே ஆம், இல்லை என்று சொல்ல என்னால் இயலவில்லை. ஆஸ்திரேலியாவில் சொந்தக் கார்த் தொழில் 2017இல் ஹோல்டன் தொழிற்சாலை மூடப்பட்டதோடு முடிந்துவிட்டது. சீனத்துடன் 2015இல் நடைமுறைக்கு வந்த வணிக ஒப்பந்தத்தால் அங்கிருந்து வரும் காருக்குப் பெருஞ்சுவர் எதுவும் இல்லை. எனவே நல்லதும் வருகின்றது, நல்லதல்லாததும் வருகின்றது. எம்.ஜி. என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். அது இங்கிலாந்தின் பழம்புகழ் வாய்ந்த பெயர். இன்று சீனக் கம்பெனி ஒன்றின் உடைமை. எம்.ஜி. 4 என்ற மின்சாரக் கார் 2022இல் ஐரோப்பியச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. எம்.ஜி. 5 என்ற பெட்ரோல் காருக்கோ 2023 டிசம்பரில் ஆஸ்திரேலியச் சோதனையில் கிட்டியது சுழி! ஒரே பெயர், ஒரே உடைமையாளர்; ஒன்றுக்கு ஐந்து, மற்றொன்றுக்குச் சுழி. அதே மாதம் அதே சோதனையில் சுழி பெற்ற மற்றொரு வண்டியையும் சொல்லிவிடுகிறேன்: நம் நாட்டின் மகிந்திரா ஸ்கார்ப்பியோ. அவ்வண்டிக்கே முந்திய ஆண்டில் வேறொரு சோதனை அமைப்பு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தது. அளவுகோல் மாறினால் அளவும் மாறும்.

ஆகவே அவளிடம் சொன்னேன்: "அம்மா, எந்த நாட்டுக் கார் என்று கேட்காதே. எந்தக் கார், எந்த ஆண்டில் சோதித்தது, எத்தனை நட்சத்திரம் என்று கேள். பேட்டரிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதை எழுத்தில் பார். பழுதுபார்க்கும் இடம் உன் வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவு, உதிரிப்பாகம் வர எத்தனை நாளாகும், காப்பீட்டுத் தொகை எவ்வளவு என்பவற்றை விசாரி. பிள்ளைகளின் இருக்கையைக் கடைக்கு எடுத்துச் சென்று பின்வரிசையில் நீயே பொருத்திப் பார். இத்தனைக்கும் நல்ல பதில் கிடைத்தால் வாங்கு." அவள் மூன்று கார்களை அவ்வாறு விசாரித்து, அவற்றுள் ஒரு சீனக் காரையே தேர்ந்தெடுத்தாள். மாமியார் இப்போது அதில்தான் கோயிலுக்குச் செல்கின்றாராம்.

நகைப்பு அச்சமானது

ஒரு பொருளின் பெயர் உயர்ந்துவிட்டது என்பதற்குச் சான்று புகழுரை மட்டுமன்று. மற்றவர்களின் அச்சமும் சான்றே. எவரும் வாங்காத பொருளுக்கு எவரும் சுவர் எழுப்புவதில்லை. 2024இல் அமெரிக்கா சீன மின்சாரக் கார்களுக்கு நூற்றுக்கு நூறு வரி விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம், அரசு உதவியால் அக்கார்களின் விலை செயற்கையாகக் குறைகின்றது என்று ஓராண்டு விசாரித்து, அதே ஆண்டு அக்டோபர் இறுதியில், முன்பிருந்த 10 சதவீதத்தின்மேல் கூடுதல் வரி விதித்தது. பி.ஒய்.டி.க்கு 17 சதவீதம், எம்.ஜி.யின் உடைமையாளருக்கு 35.3 சதவீதம். அந்த வரி ஹைப்ரிட் கார்களைத் தொடவில்லை. உடனே சீனக் கம்பெனிகள் ஹைப்ரிட் கார்களை மிகுதியாக அனுப்பலாயின. ஒரு கதவை அடைத்தால் மறு கதவால் நுழையும் வணிகத் திறமையை என்னென்பது!

இந்த வரிகள் முறையா, முறையன்றா என்பதைப் பொருளாதாரம் கற்றவர்கள் வாதிடட்டும். அரசின் பணம் பின்னிற்கும் கம்பெனியோடு தனித்து நிற்கும் கம்பெனி போட்டியிடுவது கடினம் என்பதும், ஐரோப்பாவின் கார்த் தொழிலை நம்பி வாழும் குடும்பங்களும் குடும்பங்களே என்பதும் உண்மை. மலிவான நல்ல கார் எளிய குடும்பத்துக்கு எட்டாமற் போகின்றது என்பதும் அதே அளவு உண்மை.

புதிய புகழையும் சோதிப்போம்

இங்கேதான் ஓர் எச்சரிக்கை வேண்டியிருக்கின்றது. பழைய இகழ்ச்சி கண்ணை மறைத்தது போலவே புதிய புகழ்ச்சியும் மறைக்கக்கூடும். பிரேசில் நாட்டின் கமசாரி என்ற ஊரில் ஃபோர்டு 2021இல் மூடிய தொழிற்சாலையை பி.ஒய்.டி. வாங்கிப் புதுப்பித்தது. வேலையிழந்த ஊர் மகிழ்ந்தது. ஆனால் 2024 டிசம்பரில் அக்கட்டுமானப் பணியில் இருந்த 163 சீனத் தொழிலாளரை அடிமைகளுக்கு ஒப்பான நிலையிலிருந்து மீட்டதாக பிரேசில் அரசின் தொழிலாளர் அதிகாரிகள் அறிவித்தனர். மெத்தையில்லாத கட்டில்கள், 31 பேருக்கு ஒரே கழிப்பறை, கடவுச்சீட்டும் தொழிலாளர் கையில் இல்லை என்று அவர்கள் கூறினர். பணியமர்த்திய ஒப்பந்த நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. பி.ஒய்.டி. அந்நிறுவனத்துடன் உறவை முறித்துக்கொண்டது. தொழிற்சாலை 2025 அக்டோபரில் திறப்புவிழாக் கண்டது. காரின் பளபளப்பில் அத்தொழிலாளரின் முகம் தெரியாது. ஆனால் அதன் விலையில் அவர்களின் பங்கும் கலந்திருக்கின்றது.

சீனத்துக்குள்ளேயே கார்க் கம்பெனிகள் ஒன்றையொன்று வீழ்த்த விலையைக் குறைத்துக்கொண்டே போயின. உதிரிப்பாகம் செய்து கொடுத்த சிறு பட்டறைக்காரர்களுக்குப் பணம் பல மாதங்கள் நின்றது. அரசின் வற்புறுத்தலால் 2025 ஜூனில் பெரிய கம்பெனிகள் 60 நாட்களுக்குள் பணம் தருவதாக உறுதி கூறின. அதே ஆண்டு மார்ச்சில், தானாக ஓட்டும் துணைக்கருவி இயங்கிக்கொண்டிருந்த ஷியாமி கார் ஒன்று நெடுஞ்சாலைத் தடுப்பில் மோதித் தீப்பற்றியதில் மூன்று மாணவியர் உயிரிழந்தனர். அதன்பின் அத்தகைய கருவிகளைப் பற்றி மிகைப்படுத்தி விளம்பரம் செய்வதற்குச் சீன அரசே கடிவாளமிட்டது. வேகமாக வளர்பவர்கள் வேகமாகவே விழவும் கூடும்.

இவற்றைச் சொல்வது சீனரைக் குறைகூறுவதற்காக அன்று. விலைக்குறைப்புப் போட்டியும், விளம்பர மயக்கமும், தொழிலாளியின் வியர்வையை மறப்பதும் எந்த ஒரு நாட்டுக்கும் தனியுரிமை அல்ல. பழைய குற்றத்துக்காகப் புதிய நன்மையை மறுப்பது அநீதி. புதிய நன்மைக்காகப் புதிய குற்றத்தை மன்னிப்பதும் அநீதியே.

ஒரு கம்பெனி தன் கெட்ட பெயரை விளம்பரத்தால் கழுவிவிட முடியாது. தடுப்பின்மீது மோதிப் பார்த்து, உடைந்த இடத்தைத் திருத்தி, மீண்டும் மோதிப் பார்க்கவேண்டும். சீனக் கம்பெனிகளுள் சிறந்தவை பதினேழு ஆண்டுகள் அதைத்தான் செய்தன. செய்பவன் கடமை அது. பார்ப்பவன் கடமை அதைவிட எளிது. ஆயினும் நாம் அதையே மறந்துவிடுகின்றோம். ஆண்டுக்கொரு முறை மூடியைத் திறந்து, இன்றைய பானையிலிருந்தே ஒரு சோற்றை எடுத்துப் பதம் பார்ப்பதுதான் அது. காரைப் பார்க்கும்போது மட்டுமன்று. என்றோ ஒருநாள் ஒரு தவறு செய்துவிட்டு இன்றளவும் அந்தப் பெயரையே சுமந்து திரியும் அண்டை வீட்டு இளைஞனைப் பார்க்கும்போதும் இதைச் சற்றே நினைவிற் கொள்வோமாக.